சாம் ஹூஸ்டன் சண்டை போடாம ஏன் அவ்ளோ தூரம் பின்வாங்கினாரு? அப்புறம் 1861ல அவரை ஏன் கவர்னர் பதவியில இருந்து இறக்கினாங்க?

கேட்டி வாசி (கேள்வி)

வணக்கம். ஹூஸ்டன் பக்கத்துல கேட்டியில இருக்கோம். பொண்ணு ஏழாங்கிளாஸ், இங்க ஏழாங்கிளாஸ்ல டெக்சாஸ் வரலாறு பாடமா வருது, ப்ராஜெக்ட்டுக்கு சாம் ஹூஸ்டனை எடுத்திருக்கா. ஊரு பேரே அவரு பேரு, ஐ-45ல டாலஸ் போறப்ப ஹண்ட்ஸ்வில் கிட்ட ரோட்டோரமா நிக்குற அந்த பெரிய வெள்ளை சிலையும் அவரு தான். அவளுக்கு சொல்லிக்குடுக்கலாம்னு கூட உக்காந்து படிச்சேன். புத்தகத்துல சண்டை, ஜனாதிபதி, செனட்டர், கவர்னர்னு வரிசையா போயிடுது, ஆனா ஏன் அப்படி செஞ்சாருங்கிறது தான் எனக்கு பிடிபடல.

1836ல மெக்சிகோவுக்கு எதிரா நடந்த டெக்சாஸ் சுதந்திரப் போர்ல, சான் அன்டோனியோவுல இருந்த அலமோ கோட்டையில சொந்த ஆளுங்க செத்துட்டு இருக்கப்ப படைத்தளபதி இவரு, ஏன் காப்பாத்த போகல? அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல ஜனங்களையும் இழுத்துக்கிட்டு கிழக்கால போயிட்டே இருந்திருக்காரு, கூட இருந்தவங்களே கோழைன்னு திட்டியிருக்காங்க. கடைசில மெக்சிகோ ஜனாதிபதி சான்டா அன்னா கையில சிக்கினப்ப ஊரே கொல்லுன்னு கத்துது, இவரு கொல்லல. இவ்ளோ பெரிய ஆளை 25 வருஷம் கழிச்சு அதே டெக்சாஸ்காரங்க பதவியை விட்டு இறக்கியிருக்காங்க. இந்த நாலுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா, தெரிஞ்சவங்க விளக்கமா சொன்னா நல்லா இருக்கும், நீளமா இருந்தாலும் பரவாயில்ல.

பழைய வரைபடம்

வணக்கம் அண்ணா. தொடர்பு கண்டிப்பா இருக்கு, என்னோட பார்வையில அந்த மனுஷனோட வாழ்க்கையே அதுல தான் இருக்கு. கூட்டம் ஒரு பக்கம் தள்ளும்போது மாட்டேன்னு நிக்கத் தெரிஞ்ச ஆளு.

முதல்ல அலமோ. 1836 ஜனவரியிலேயே ஜிம் போவியை சான் அன்டோனியோவுக்கு அனுப்பி, அந்தக் கோட்டையை இடிச்சுட்டு பீரங்கியை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்துடலாம்னு தான் ஹூஸ்டன் கவர்னருக்கு எழுதினாரு. அங்க போன போவியும் அங்க பொறுப்புல இருந்த நீலும் இல்ல, இங்கயே நிப்போம்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்போ ஹூஸ்டனுக்கு கீழ முழுப்படையும் கிடையாது, தற்காலிக அரசாங்கம் கவர்னர் ஒரு பக்கம் கவுன்சில் ஒரு பக்கம்னு அடிச்சுக்கிட்டு உடைஞ்சு கிடந்துச்சு, தொண்டர் படைங்க யாரு பேச்சையும் கேக்கல. பிப்ரவரி பூரா அவரு கிழக்கு டெக்சாஸ்ல செரோகீங்கிற பழங்குடி மக்கள்கிட்ட ஒப்பந்தம் பேசிட்டு இருந்தாரு, முன்னால மெக்சிகோ வரும்போது பின்னால இன்னொரு சண்டை முளைக்கக் கூடாதுன்னு. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது பிப்ரவரி 23, அதே நாள்ல தான் சான்டா அன்னா படை சான் அன்டோனியோவுக்குள்ள நுழைஞ்சு அலமோ முற்றுகையை ஆரம்பிச்சுது. மார்ச் 2 சுதந்திரப் பிரகடனம், அன்னிக்கு தான் ஹூஸ்டனுக்கு 43 வயசு பூர்த்தி. மார்ச் 4 மொத்தப் படைக்கும் தளபதியா போட்டாங்க. மார்ச் 6 விடியக்காலை அலமோ விழுந்துடுச்சு. அவரு கான்சாலஸ் ஊருக்கு வந்து சேர்ந்தது மார்ச் 11, ஆக காப்பாத்த போகலைங்கிறதே சரியில்ல, அவரு கைக்கு படை வந்தப்ப காப்பாத்த யாருமே உயிரோட இல்ல.

அந்த கான்சாலஸ் ஊரை கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அந்த ஊர்லருந்து 32 பேரு மார்ச் 1ஆம் தேதி முற்றுகையை தாண்டி அலமோவுக்குள்ள போனவங்க, ஒருத்தரும் திரும்பல. மார்ச் 13 சாயங்காலம் சுசானா டிக்கின்சன்னு ஒரு பொண்ணு, புருஷனை அலமோவுல பறிகொடுத்துட்டு, கைக்குழந்தையோட வந்து சேதியை சொல்லுது. ஊர்ல வீட்டுக்கு வீடு அழுகை. ஹூஸ்டன்கிட்ட அப்போ இருந்தது நானூறு பேருக்கும் கம்மி, முக்கால்வாசி பேருக்கு டிரில்லே தெரியாது. அன்னிக்கு ராத்திரியே ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டு, எதிரிக்கு ஒண்ணும் கிடைக்கக் கூடாதுன்னு தீ வச்சுட்டு கிளம்பிட்டாங்க. அங்கேருந்து தான் ஜனங்க குழந்தை குட்டியோட மழையில சேத்துல கிழக்கால ஓடின ஓட்டம் ஆரம்பம். வழியில நோய், பசி, புதைச்சுட்டு போன குழந்தைங்க ஏராளம். அதைப் பாத்தவங்க அவரை சபிச்சதுல தப்பே சொல்ல முடியாது.

ஆனா அவரு கணக்கு இது தான்: இது ஒரே ஒரு படை, இதைத் தோத்தா டெக்சாஸ் முடிஞ்சுது. ஃபேனின்னு ஒரு கர்னல் கிட்ட இன்னொரு படை இருந்துச்சு, அவரு கிளம்ப தாமதம் பண்ணி வெட்டவெளியில மாட்டி சரணடைஞ்சாரு, மார்ச் 27 கோலியாட்ல கைதிங்களை வரிசையா நடத்திட்டு போய் சுட்டுத் தள்ளிட்டாங்க, 300க்கும் மேல. அதுக்கப்புறம் ஹூஸ்டனை விட்டா வேற படையே இல்ல. அந்த நேரத்துல சான்டா அன்னா வரிசையா ஜெயிச்சுட்டு இருக்காரு, ஆனா ஒவ்வொரு நாளும் தன் உணவு சப்ளைலருந்து விலகி விலகி வராரு, படையையும் மூணு நாலா பிரிச்சுட்டாரு. ஹூஸ்டன் காத்திருந்தது அதுக்குத் தான்.

மார்ச் கடைசியில பிராசோஸ் ஆத்தங்கரையில க்ரோஸ்ங்கிறவரோட பண்ணைக்கிட்ட ரெண்டு வாரம் முகாம் போட்டு டிரில் எடுத்தாரு. மழை, அம்மை, வயித்துப்போக்கு. ரெண்டு கேப்டனுங்க உங்க கூட வரமாட்டோம்னு சொல்லி பின்னாலயே நின்னுட்டாங்க, அவங்களை விரட்டாம சரி நீங்க ஆத்துத் துறையைக் காவல் காருங்கன்னு அதையே வேலையாக் குடுத்துட்டாரு. இந்த இடம் எனக்கு ரொம்ப பிடிக்கும், கோவப்பட்டிருந்தா படை அங்கேயே ரெண்டா உடைஞ்சிருக்கும். டெக்சாஸோட இடைக்கால ஜனாதிபதி பர்னெட் இன்னும் ஓடாதே, சண்டை போடுன்னு காரமா கடிதம் அனுப்பிட்டே இருந்தாரு. அந்த முகாம்ல தான் சின்சினாட்டி மக்கள் அனுப்பின ரெண்டு சின்ன பீரங்கி வந்து சேர்ந்துச்சு, அதை இரட்டை சகோதரிகள்னு கூப்பிட்டாங்க. யெல்லோ ஸ்டோன்னு ஒரு நீராவிப் படகு பஞ்சு மூட்டை ஏத்திட்டு நின்னுட்டு இருந்துச்சு, அதைப் பிடிச்சு தான் பெருக்கெடுத்த ஆத்தை தாண்டினாங்க.

சான் ஜசிண்டோ சண்டையை அடுத்த பதிவுல எழுதுறேன், கை வலிக்குது.

தனிக்கரை

மேல சொன்னதுல பாதி எனக்கும் சம்மதம், ஆனா ஹூஸ்டன் எல்லாத்தையும் முன்னாடியே திட்டம் போட்டு செஞ்ச மாதிரி எழுதறது எனக்கு ஒப்பல. ஏப்ரல் நடுவுல ஒரு கூட்டுரோடு வந்துச்சு, இடது பக்கம் போனா நாகடோச்சஸ், அதாவது அமெரிக்க எல்லைப் பக்கம், வலது பக்கம் போனா ஹாரிஸ்பர்க், அதாவது எதிரி. படை வலது பக்கம் திரும்புச்சு. திரும்புன்னு அவரு உத்தரவு போட்டாரா, இல்ல முன்னால போன சிப்பாய்ங்க தானா திரும்பி அவரு பின்னால வந்தாராங்கிறது அந்தப் படையில இருந்தவங்களுக்குள்ளயே வாழ்நாள் பூரா சண்டை. கூட இருந்த அதிகாரிங்க பல பேரு அவரை கடைசி வரைக்கும் மன்னிக்கவே இல்ல.

அப்புறம் பீரங்கி இழுக்க மிஸஸ் மேன்னு ஒரு அம்மா நாகடோச்சஸ் பக்கம் போறதா இருந்தா மட்டும்னு சொல்லி மாடு குடுத்தாங்க, படை ஹாரிஸ்பர்க் பக்கம் திரும்பினதும் குதிரையில வந்து, வார்த்தையை மீறிட்டீங்கன்னு சொல்லி, கத்தியால வாரை அறுத்து மாட்டை ஓட்டிக்கிட்டு போயிட்டாங்க. கூட இருந்த சிப்பாய் ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு. மாடு போனதும் ஹூஸ்டனே குதிரையை விட்டு இறங்கி சேத்துல தோள் குடுத்து வண்டியைத் தள்ளினாராம். இதுல தெரியுற மனுஷன் முன்கூட்டியே எல்லாம் தெரிஞ்ச மேதை இல்ல, நாளுக்கு நாள் சமாளிச்சவரு. அது தான் நிஜம்னு நினைக்கிறேன், அதனால அவரு மதிப்பு குறையப் போறதும் இல்ல.

பழைய வரைபடம்

தனிக்கரை சொல்ற கூட்டுரோடு விஷயம் உண்மை, அதுக்கு பதில் யாராலயும் தீர்மானமா சொல்ல முடியாது. ஆனா பின்வாங்கினதுல ஒரு படை மிஞ்சுச்சுங்கிறதை மறுக்க முடியாதுல்ல.

சரி, ஏப்ரல் 21. சான்டா அன்னா தன் மொத்தப் படையை பின்னால விட்டுட்டு, டெக்சாஸ் அரசாங்கத்தை நேரா பிடிச்சுடலாம்னு 700 சொச்சம் பேரோட வேகமா முன்னால வந்துட்டாரு. சான் ஜசிண்டோ ஆறும் பஃபலோ பாயூங்கிற ஓடையும் சேர்ற இடத்துல பின்னால சதுப்பு, பக்கத்துல தண்ணி, அந்த மாதிரி இடத்துல முகாம் போட்டாரு. அன்னிக்கு காலையில கோஸ்ங்கிற தளபதி இன்னும் ஒரு 500 பேரோட வந்து சேர்ந்தாரு, அவங்க ராத்திரி பூரா நடந்து வந்தவங்க. டெக்சாஸ் பக்கம் சுமார் 900 பேரு. இன்னும் ஆள் வராம இருக்க, டெஃப் ஸ்மித்னு காது மந்தமான உளவாளியை அனுப்பி வின்ஸ் பாலத்தை இடிச்சுட்டாங்க. அதோட ரெண்டு பக்கமும் தப்பிக்க வழி கிடையாது.

சாயங்காலம் நாலரை மணி வாக்கில கிளம்பினாங்க. நடுவுல முக்கால் மைல் புல்வெளி, லேசான மேடு, மெக்சிகோ முகாம்ல சிப்பாய்ங்க தூங்கிட்டு இருக்காங்க, காவல் சரியா போடல. கிட்ட வர்ற வரைக்கும் சத்தமே இல்ல. சண்டை 18 நிமிஷம்னு ஹூஸ்டனே ரிப்போர்ட்ல எழுதியிருக்காரு. மெக்சிகோ பக்கம் 630 பேரு சாவு, 730 பேரு கைதி. டெக்சாஸ் பக்கம் 9 பேரு. ஹூஸ்டனுக்கு குதிரை சுடப்பட்டு விழுந்து, அவருக்கும் கணுக்கால்ல குண்டு பட்டு எலும்பு நொறுங்கிடுச்சு.

ஆனா பொண்ணுகிட்ட 18 நிமிஷத்தோட நிறுத்தாதீங்க. சண்டை அதுல முடிஞ்சுது, கொலை முடியல. ஆயுதத்தைப் போட்டவங்களை, ஏரித் தண்ணியில இறங்கினவங்களைக் கூட அலமோ, கோலியாட்னு கத்திக்கிட்டே சுட்டாங்க, இருட்டுற வரைக்கும். அதிகாரிங்க நிறுத்துன்னு சொல்லியும் கேக்கல, ஹூஸ்டன் பேச்சும் எடுபடல.

மறுநாள் சாதாரண சிப்பாய் சட்டையில ஒருத்தரை பிடிச்சுட்டு வராங்க, யாருன்னு பிடிச்சவங்களுக்கே தெரியல, முகாமுக்குள்ள வந்ததும் மத்த கைதிங்க ஜனாதிபதி ஜனாதிபதின்னு எழுந்து நின்னுட்டாங்க, அப்போ தான் தெரிஞ்சுது. மரத்தடியில காலைக் கட்டிக்கிட்டு படுத்திருந்த ஹூஸ்டன் முன்னால கொண்டு வந்து நிறுத்துறாங்க. சுத்தி நிக்குறவங்கள்ல அலமோவுல கோலியாட்ல அண்ணன் தம்பியை இழந்தவங்க இருக்காங்க. தூக்குல போடுன்னு கத்துறாங்க. இவரு போடல, ஏன்னா செத்த சான்டா அன்னாவால பிரயோஜனம் ஒண்ணுமில்ல. டெக்சாஸ்ல இன்னும் ஃபிலிசோலா தலைமையில பெரிய மெக்சிகோ படை அப்படியே முழுசா இருக்கு. உயிரோட இருந்த சான்டா அன்னா கையாலயே படை பின்வாங்கணும்னு உத்தரவு எழுதி வாங்கினாரு, அந்தப் படை திரும்பிப் போயிடுச்சு. கொன்னிருந்தா அந்தப் படை பழி வாங்க வந்திருக்கும். ஒரு சண்டையை ஜெயிச்சவரு அந்த மரத்தடியில தான் ராஜதந்திரி ஆனாருன்னு நான் நினைக்கிறேன், தனி நாடான டெக்சாஸுக்கு ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனது அதுக்கப்புறம் தான். செப்டம்பர்ல நடந்த தேர்தல்ல 5,119 ஓட்டு, டெக்சாஸ் குடியேற்றத்தையே உருவாக்கின ஸ்டீஃபன் ஆஸ்டினுக்கு 587. ஆஸ்டினையே வெளியுறவுச் செயலரா கூட வச்சுக்கிட்டாரு, பாவம் அவரு அந்த டிசம்பர்லயே காலமாயிட்டாரு.

வேம்பு நிழல்

இதுல யாருமே செரோகீ விஷயத்தை சரியா தொடல, எனக்கு அது தான் இவரைப் புரிஞ்சுக்க முதல் படி. வர்ஜீனியாவுல 1793ல பொறந்தாரு, அப்பா இறந்ததும் அம்மா ஒம்பது பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு டென்னசி மேரிவில் பக்கம் வந்துட்டாங்க. கடையில உக்காத்தி வச்சாங்க, பிடிக்கல, 16 வயசுல ஓடிப்போய் ஹைவாஸி தீவுல செரோகீங்களோட இருந்தாரு, ஊர்த் தலைவர் ஜான் ஜாலி சொந்த மகனா ஏத்துக்கிட்டாரு, அண்டங்காக்கைன்னு பேரு வச்சாங்க. மூணு வருஷம் போல அங்க இருந்து அவங்க பாஷையைக் கத்துக்கிட்டாரு.

அப்புறம் 1814 மார்ச்சுல ஆண்ட்ரூ ஜாக்சன்ங்கிற ஜெனரலோட படையில சேர்ந்து ஹார்ஸ்ஷூ பெண்ட்ல க்ரீக் பழங்குடி மக்களுக்கு எதிரா சண்டை போட்டாரு, அங்க தொடையில அம்பு. கூட இருந்த லெஃப்டினன்ட்டை இழுத்து எடுக்கச் சொல்லி, ரெண்டு தடவை இழுத்தும் வரலைன்னதும் இந்தத் தடவை எடுக்கலைன்னா வெட்டிப் போட்டுடுவேன்னு வாளை ஓங்கினாராம், சதையோட பிஞ்சுக்கிட்டு வந்துச்சு. அன்னிக்கே திரும்பவும் உள்ள போய் கையிலயும் தோள்லயும் குண்டு வாங்கினாரு. விடியுறதுக்குள்ள செத்துடுவான்னு நினைச்சு டாக்டர் ரெண்டாவது குண்டை எடுக்காமலே விட்டுட்டாரு. அந்தத் தொடைப் புண்ணு சாகுற வரைக்கும் முழுசா ஆறவே இல்ல.

வக்கீல், காங்கிரஸ் உறுப்பினர், 1827ல டென்னசி கவர்னர், எல்லாம் வேகமா வந்துச்சு. 1829 ஜனவரில எலைசாங்கிற பொண்ணோட கல்யாணம், பதினோரு வாரத்துல அவங்க தன் அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, காரணத்தை ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வெளியே சொல்லல. கவர்னர் பதவியை ராஜினாமா பண்ணிட்டு நேரா எங்க போனாரு? திரும்பவும் ஜான் ஜாலிகிட்ட. அங்க குடியில மூழ்கிக் கிடந்தாரு, டயானா ரோஜர்ஸ்னு ஒரு செரோகீ பொண்ணை அவங்க வழக்கப்படி கட்டிக்கிட்டாரு, கடை வச்சாரு, செரோகீங்க அவரை முறைப்படி குடிமகனாவே ஆக்கினாங்க. அவங்களுக்காக வாஷிங்டன் போய் பேசினாரு.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, பழைய வரைபடம் சொன்னாரே பிப்ரவரி 23 ஒப்பந்தம், அதுல செரோகீங்களுக்கு கிழக்கு டெக்சாஸ்ல நிலம் எழுதிக் குடுத்தாரு. அந்த நம்பிக்கையில தான் அவங்க போர்ல சேராம ஒதுங்கி நின்னாங்க. ஜெயிச்சதுக்கப்புறம் 1837 டிசம்பர்ல டெக்சாஸ் செனட் அந்த ஒப்பந்தமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்போ ஜனாதிபதியா இருந்தது ஹூஸ்டன் தான், அவரு எவ்ளோ பேசியும் நடக்கல. தொடர்ந்து ரெண்டாவது முறை நிக்க சட்டம் இடம் குடுக்காததால அடுத்து லாமர் வந்தாரு, அவரு செரோகீங்களை விரட்டணும்னு நேரடியாவே சொன்னவரு. 1839 ஜூலை, நெச்சஸ் ஆத்துப் பக்கம் சண்டை, தலைவர் டுவாலி எண்பது வயசுக்கு மேல, தன் மக்கள் தப்பிக்கட்டும்னு கடைசி ஆளா குதிரையில நின்னாரு. அந்தக் குதிரை சுடப்பட்டு, கீழ விழுந்தவரை தலையில சுட்டாங்க. அவரு இடுப்புல இருந்தது ஹூஸ்டன் பரிசா குடுத்த வாள்.

ஹூஸ்டன் சட்டசபையில அதைக் கண்டிச்சு கடுமையா பேசினாரு, சொந்த நண்பருங்களே விலகிட்டாங்க. ரெண்டாவது முறை 1841ல ஜனாதிபதி ஆனதும் மத்த பழங்குடிங்களோட சமாதான ஒப்பந்தம் போட்டாரு, சண்டைக்கு ஆகுற செலவுல ஒரு பங்கு கூட சமாதானத்துக்கு ஆகாதுன்னு வாதாடினாரு. ஆனா அந்தக் கிழக்கு டெக்சாஸ் செரோகீங்களுக்கு அதனால ஒண்ணும் திரும்பக் கிடைக்கல. அவரோட வார்த்தையை நம்பி வீடு கட்டினவங்க அவங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

கேட்டி வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டுவாலி பத்தி பாடத்துல ஒரு வரி கூட பாத்த ஞாபகம் இல்ல, பொண்ணுகிட்ட இன்னிக்கே சொல்றேன். வேம்பு நிழல் அக்கா, ஒரே ஒரு கேள்வி இன்னும் பாக்கி. 1861 விஷயம். அவரே அடிமைங்களை வச்சிருந்தவரு தானே, அப்புறம் ஏன் தெற்கு மாநிலங்களோட சேர மாட்டேன்னாரு?

வேம்பு நிழல்

அதை பழைய வரைபடம் சொல்லட்டும், எனக்கு அந்தக் காலம் அவ்வளவா பழக்கமில்ல தம்பி.

பழைய வரைபடம்

சொல்றேன் அண்ணா. இதுல ரெண்டு விஷயத்தையும் சேர்த்தே பிடிச்சுக்கணும், ஒண்ணை விட்டா இன்னொண்ணு பொய்யாயிடும். அவரு அடிமை முறைக்கு எதிரி இல்ல. 1863ல இறந்தப்ப சொத்துக் கணக்குல 12 மனுஷங்க இருந்தாங்க. 1853ல ஹண்ட்ஸ்வில்ல 13 வயசு பையன் ஜெஃப் ஹாமில்டனை ஏலத்துல வாங்கினாரு, அம்மாகிட்டருந்து பிரிச்சு விக்க கொண்டு வந்த பையன். அந்தப் பையன் பின்னால கவர்னர் ஆபீஸ்ல அவருக்கு எடுபிடியா இருந்து, 1941 வரைக்கும் உயிரோட இருந்து ஹூஸ்டனைப் பத்தி பேசினவரு.

ஆனா யூனியனை, அதாவது அமெரிக்க மாநிலங்களோட கூட்டமைப்பை, உடைக்கிறது மட்டும் அவருக்கு ஒத்துக்கவே இல்ல. 1845 கடைசில டெக்சாஸ் அமெரிக்காவோட சேர்ந்துச்சு, அதுக்கு வருஷக்கணக்கா பாடுபட்டவரு இவரு, பிரிட்டன் பக்கம் சாயுற மாதிரி காட்டி வாஷிங்டனை வேகப்படுத்தினவரு. 13 வருஷம் செனட்ல இருந்தாரு. மேசையில உக்காந்து கத்தியால மரத்துண்டை செதுக்கிட்டே பேச்சைக் கேப்பாரு, செதுக்கினதை பக்கத்துல இருக்கவங்களுக்கு குடுத்துடுவாரு. 1854ல கான்சாஸ், நெப்ராஸ்கா நிலத்துல அடிமை முறை வேணுமான்னு அங்க குடியேறுறவங்களே முடிவு பண்ணலாம்ங்கிற கான்சாஸ் நெப்ராஸ்கா சட்டம் வந்தப்ப தெற்குல இருந்து எதிர்த்து ஓட்டுப் போட்ட செனட்டருங்க ரெண்டே பேரு, இவரும் டென்னசி ஜான் பெல்லும். வடக்குப் பக்க நிலத்துல அடிமை முறை கூடாதுன்னு 1820ல போட்ட சமரசத்தைக் கிழிச்சீங்கன்னா நாடு தீப்பிடிக்கும்னு சொன்னாரு, அந்த நிலத்தை பழங்குடிங்களுக்கு ஒப்பந்தம் போட்டுக் குடுத்தது என்னாகும்னும் கேட்டாரு. அந்த ஒரு ஓட்டுக்காக டெக்சாஸ் சட்டசபை அவரைக் கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு, 1857லயே அவரு இடத்துக்கு வேற ஆளைத் தேர்ந்தெடுத்துடுச்சு. அந்த வருஷம் கவர்னர் தேர்தல்ல நின்னு தோத்தாரு. 1859ல திரும்ப நின்னு ஜெயிச்சாரு. ரெண்டு மாநிலத்துக்கு மக்கள் ஓட்டுல கவர்னர் ஆனவரு அமெரிக்க வரலாறுலயே இவரு ஒருத்தரு தான்.

அடிமை முறை பரவக் கூடாதுன்னு சொன்ன லிங்கன் 1860 ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சதும் எல்லாம் கை மீறிடுச்சு. 1861 பிப்ரவரி 1 மாநாடு கூடி பிரிஞ்சுடலாம்னு 166க்கு 8ன்னு முடிவு, பிப்ரவரி 23 பொதுமக்கள் ஓட்டுலயும் மூணுல ரெண்டு பங்குக்கும் மேல பிரியணும்னே விழுந்துச்சு. அதை ஹூஸ்டன் ஏத்துக்கிட்டாரு, மக்கள் சொன்னா சொன்னது தான்னு. ஆனா பிரிஞ்ச தெற்கு மாநிலங்க சேர்ந்து அமைச்ச கான்ஃபெடரசியில சேர மாநாட்டுக்கு அதிகாரம் யாரு குடுத்தாங்கன்னு தான் கேட்டாரு. மாநாடு என்ன பண்ணுச்சுன்னா அதிகாரிங்க எல்லாரும் கான்ஃபெடரசிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. முந்தின ராத்திரி பூரா கவர்னர் மாளிகை மாடியில தூங்காம நடந்துட்டே இருந்தாருன்னு மகள் பின்னால சொல்லியிருக்காங்க. காலையில கீழ வந்து மனைவி மார்கரெட் அம்மாகிட்ட என்னால முடியாதுன்னு சொல்லிட்டாரு. மார்ச் 16 நடுப்பகல், மாநாட்டுல அவரு பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. அதே கட்டடத்துல கீழ் தளத்துல உக்காந்து மரத்தை செதுக்கிட்டு இருந்தாரு, ஏறி வரல. பதவி காலின்னு அறிவிச்சு துணை கவர்னர் எட்வர்ட் கிளார்க்கை உக்காத்தி வச்சுட்டாங்க.

இதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு அவரு மேல மரியாதையை இன்னும் கூட்டுச்சு. லிங்கன் படை அனுப்புறேன்னு சொல்லி அனுப்பினாரு, அதை வாங்கிக்கிட்டு பதவியில உக்காந்திருக்கலாம். வேண்டாம்னுட்டாரு. டெக்சாஸ்காரங்க ரத்தத்தை டெக்சாஸ்காரங்களே சிந்த தான் காரணமா இருக்க முடியாதுன்னு. ஏப்ரல்ல கால்வெஸ்டன் ட்ரெமான்ட் ஓட்டல் பால்கனியில நின்னு, கீழ கோவமா நிக்குற கூட்டத்துக்கு, வடக்கு ஜனங்க உங்களை மாதிரி சட்டுனு கொதிக்கிறவங்க இல்ல, ஆனா கிளம்பிட்டா நிறுத்த முடியாது, லட்சக்கணக்குல உயிரைக் குடுத்தப்புறமும் நீங்க ஜெயிப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லன்னு சொன்னாரு. மூத்த பையன் சாம், அப்பா பேச்சை மீறி கான்ஃபெடரேட் படையில சேர்ந்து, 1862 ஷைலோ சண்டையில அடிபட்டு கைதியாயிட்டான். 1863 ஜூலை 26 ஹண்ட்ஸ்வில்ல வாடகை வீட்டுல நிமோனியாவுல இறந்தாரு.

தனிக்கரை

பழைய வரைபடம் 12 பேருன்னு சொன்னாரு, அதுல ஒரு பேரு பொண்ணோட ப்ராஜெக்ட்ல கட்டாயம் வரணும். ஜோஷுவா ஹூஸ்டன். மார்கரெட் அம்மா அலபாமாலருந்து கல்யாணமாகி வந்தப்ப கூட வந்தவரு, கொல்லன் வேலை தெரிஞ்சவரு, வெளியே வேலை செஞ்சு வந்த கூலியில ஒரு பங்கை வச்சுக்க விட்டாங்க, எழுதப் படிக்கவும் கத்துக்கிட்டாரு. ஹூஸ்டன் இறந்ததும் குடும்பத்துக்கிட்ட கையில காசே இல்ல, கான்ஃபெடரேட் நோட்டுக்கு மதிப்பு இல்லாம போயிட்டு இருக்கு. அப்போ இவரு சேத்து வச்சிருந்த தங்கக் காசையெல்லாம் கொண்டு வந்து மார்கரெட் அம்மாகிட்ட குடுத்தாரு. அவங்க வாங்கல, உன் பிள்ளைங்களைப் படிக்க வைன்னு சொல்லிட்டாங்க. விடுதலை ஆனதுக்கப்புறம் அவரே வாக்கர் கவுண்டி கமிஷனரா தேர்தல்ல ஜெயிச்சாரு. பையன் சாமுவேல் வாக்கர் ஹூஸ்டன் பள்ளிக்கூடம் நடத்தினாரு. ஹூஸ்டன்ங்கிற பேரை நல்லபடியா தூக்கிட்டுப் போனதுல இந்தக் குடும்பத்துக்கு பெரிய பங்கு இருக்கு, ஆனா இவங்களுக்கு ரோட்டோரத்துல அந்த அளவுக்கு சிலை கிடையாது.

கேட்டி வாசி

பொண்ணு பக்கத்துல உக்காந்து மொத்த திரியையும் படிக்கச் சொல்லி கேட்டா. அலமோ படம் வரைஞ்சு வச்சிருந்ததை ஒதுக்கிட்டு, 1861 மார்ச் 16 தான் நடுவுல வரணும்ங்கிறா. ஒரு பக்கம் டுவாலி, இன்னொரு பக்கம் ஜோஷுவா. வர்ற சனிக்கிழமை எங்கேயாவது கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன், சான் ஜசிண்டோவா ஹண்ட்ஸ்வில்லா?

பழைய வரைபடம்

ஒரு நாள் தான்னா ஹண்ட்ஸ்வில் போங்க. அவரு குடியிருந்த வீடு, கடைசியா இருந்து இறந்த, படகு மாதிரி கட்டின ஸ்டீம்போட் வீடு ரெண்டுமே மியூசியம் வளாகத்துக்குள்ள இருக்கு, ஓக்வுட் கல்லறையும் கிட்ட தான், ஜோஷுவாவும் அதே கல்லறையில தான் இருக்காரு. சான் ஜசிண்டோ லா போர்ட் பக்கம், உங்களுக்கு கிட்ட, அதை எப்ப வேணா பாத்துக்கலாம். அங்க தூண் 567 அடி, மேல ஏறினா அந்த சதுப்பும் தண்ணியும் எப்படி வழியை அடைச்சுதுன்னு ஒரே பார்வையில புரிஞ்சுடும்.

அங்க போறப்ப ஹுவான் ஸெகின் பேரையும் தேடச் சொல்லுங்க. மெக்சிகோ வம்சாவளி டெக்சாஸ்காரரு, அலமோவுக்குள்ள இருந்து உதவி கேட்டு தூது அனுப்பப்பட்டதால உயிர் தப்பினவரு. சான் ஜசிண்டோ அன்னிக்கு அவரோட ஆளுங்களை எதிரின்னு நினைச்சு நம்ம ஆளுங்களே சுட்டுடுவாங்கன்னு பயந்து பின்னால மூட்டை முடிச்சுக்கு காவல் நில்லுங்கன்னு ஹூஸ்டன் சொன்னப்ப, முடியாது, எங்களுக்குத் தான் இந்தச் சண்டை மத்தவங்களை விட அதிகமா சொந்தம்னு சண்டை போட்டு, தொப்பியில அட்டை செருகிக்கிட்டு முன்னால போனாங்க. அவரு பேருல சான் அன்டோனியோ பக்கம் ஒரு ஊரே இருக்கு. அவரே சான் அன்டோனியோ மேயரா இருந்து, 1842ல துரோகின்னு பட்டம் கட்டி விரட்டப்பட்டு மெக்சிகோவுக்குப் போக வேண்டி வந்துச்சு. அதை தனித் திரியா ஆரம்பிங்க, எழுத நிறைய இருக்கு.